பட்டாவில் உங்க பேரு இருக்கா? எடுத்துப் பாருங்க



போன மாதம் பரங்கிப்பேட்டைக்கு வடக்கே ஒரு ஊரில் குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். சேமிப்பு, கடன் தவணை எல்லாம் ஏட்டில் ஏற்றி முடித்ததும் ஒரு கேள்வி கேட்டோம். "நீங்க இருக்கிற வீடு யார் பேர்ல இருக்கு?" பதினாலு பேர் இருந்தாங்க. "எங்க வீட்டுக்காரர் பேர்லதான். வேற யார் பேர்ல இருக்கும்?" என்று ஏறக்குறைய எல்லாரும் ஒரே பதில் சொன்னார்கள். "சரி, பட்டாவ எடுத்துட்டு வாங்க, பாப்போம்" என்றோம். ஆறு பேர் எடுத்து வந்தார்கள். ஒருவர் அரிசி டிரம்முக்குள் பிளாஸ்டிக் பையில் சுற்றி வைத்திருந்தார். ஆறில் ஐந்து பட்டாவில் கணவன் பேரும் மனைவி பேரும் சேர்ந்தே இருந்தன. இருபது வருஷமாக வீட்டிலேயே இருந்த காகிதம். யாரும் படித்துக் காட்டவில்லை.

அதில் ஒரு அக்கா மட்டும் தன் காகிதத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டே இருந்தார். கணவர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. "இது அப்பா வீடும்மா, என் பேருக்கு எழுதிக் கொடுத்துடு" என்று மகன் கேட்க, அடுத்த வாரம் போய்க் கையெழுத்துப் போடுவதாகச் சரி என்று சொல்லிவிட்டாராம். அந்த அக்காவுக்குச் சொன்னதைத்தான் இங்கே எல்லோருக்கும் எழுதுகிறோம்.

கடலோர ஊரில் எது யாருடையது?

தாழங்குடா, தேவனாம்பட்டினம், சோனாங்குப்பம் தொடங்கி சாமியார்பேட்டை, புதுக்குப்பம், அன்னங்கோயில், முடசல்ஓடை வரைக்கும் நம் ஊர்களில் சொத்து என்றால் வயல்காட்டு ஊர் மாதிரி கிடையாது. ஏக்கர் கணக்கு இல்லை. வீட்டு மனை, படகு, எஞ்சின், வலை, கொஞ்சம் நகை. அவ்வளவுதான். கடலுக்குப் பட்டா இல்லை. கரை அரசுக் கணக்கில் புறம்போக்கு, நம் கணக்கில் ஊர்ப் பொது. வீடு கட்டி மூன்று தலைமுறை இருந்தாலும் பல குடும்பங்களுக்குக் காகிதம் என்று எதுவும் இல்லாமலே இருந்தது. வீட்டு வரி ரசீதும் கரண்ட் பில்லும் நாம் அங்கே குடியிருக்கிறோம் என்பதற்குத்தான் சாட்சி. இடம் நம்முடையது என்று சொல்ல அது போதாது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகுதான் இது மாறியது. 30.3.2005 அன்று வருவாய்த்துறை அரசாணை எண் 172 வந்தது. கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் உள்ளே தள்ளிப் புது வீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய இடத்தை அரசுக்கு விட்டுவிட வேண்டும். போக விருப்பமில்லை என்றால் அங்கேயே இருக்கலாம், ஆனால் வீட்டுக்கு அரசு உதவி கிடையாது. கிள்ளை பக்கம் கடலுக்கும் உப்பனாற்றுக்கும் நடுவே மணல் திட்டில் இருந்த எம்.ஜி.ஆர். திட்டு மக்கள் அந்த இடத்தையே விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டார்கள். வேறு ஊர்களில் பழைய வீட்டை விட மனசு வரவில்லை. விடியற்காலை மூணு மணிக்குத் தொழிலுக்குப் போகிறவருக்குக் கடல் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எஞ்சினும் வலையும் கண்காணிப்பில் இருக்க வேண்டும். அதை வெளியிலிருந்து வந்தவர்கள் பலருக்குப் புரிய வைக்க அப்போது ரொம்பக் கஷ்டப்பட்டோம்.

அந்தப் புது வீடுகளைக் கணவன் மனைவி இருவர் பேரிலும் கொடுப்பது என்று அரசு முடிவு செய்தது. இது சின்ன விஷயம் இல்லை. நம் ஊர்ப் பஞ்சாயத்தில் தலைக்கட்டு வரி ஆம்பளைக்குத்தான். வரி இல்லாததால் ஊர்ப் பங்கும் பெண்ணுக்கு இல்லை. சுனாமி நிவாரணம் ஊர் வழியாகப் பிரிந்தபோது, பெரிய பையன் இல்லாத விதவைகள் பல ஊர்களில் விடுபட்டுப் போனார்கள். அப்படிப்பட்ட இடத்தில்தான் அரசுக் காகிதத்தில் பெண் பேரும் ஏறியது.

இந்தோனேசியாவில் அச்சே என்ற மாநிலம். சுனாமியில் நம்மை விடப் பல மடங்கு அடிபட்ட இடம். அங்கேயும் கடலோர மீனவ ஊர்கள்தான், நம் நாட்டார் மாதிரி கடலுக்கு ஒரு தலைவர் உண்டு, பங்லிமா லாவுட் என்று பேரு. வேலிக்கல் கூட மிச்சமில்லாமல் போனதால், உயிர் பிழைத்தவர்கள் அக்கம்பக்கத்தாரோடு இடத்தில் போய் நின்று, "இதுவரைக்கும் உன்னது, இதுவரைக்கும் என்னது" என்று ஒத்துக்கொண்டு கையெழுத்துப் போட்ட பிறகே அதிகாரிகள் அளந்தார்கள். அந்த நாட்டில் 1974-ஆம் ஆண்டுத் திருமணச் சட்டப்படி, கல்யாணத்துக்குப் பிறகு சம்பாதித்த சொத்து புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொது. ஆனாலும் காகிதத்தில் ஆம்பளை பேருதான் ஏறும். அதனால் அங்கேயும் புது வீட்டு மனைகளுக்கு இருவர் பேரிலும் பத்திரம் என்று சொல்ல வேண்டி வந்தது.

நம் நாட்டில் அந்த மாதிரிச் சட்டம் கோவாவில் உண்டு, தமிழ்நாட்டில் கிடையாது. நீங்கள் கூடை சுமந்து சிதம்பரம் வரைக்கும் மீன் விற்று வந்த காசில் மனை வாங்கியிருந்தாலும், பத்திரத்தில் கணவர் பேரு மட்டும் இருந்தால், அவர் இருக்கும்வரை சட்டம் முதலில் அதை அவர் சொத்தாகத்தான் பார்க்கும். பேரு ஏறுவது அதனால்தான் முக்கியம்.

எட்டுப் பங்குக் கணக்கு

இப்போது அந்த அக்கா வீட்டுக் கதைக்கு வருவோம். பட்டா இருவர் பேரில். கணவர் உயில் எழுதாமல் இறந்துவிட்டார். மாமியார் இருக்கிறார், ஒரு மகன், கட்டிக் கொடுத்த ஒரு மகள். வீட்டை எட்டுப் பங்காக நினைத்துக்கொள்ளுங்கள். அதில் நாலு பங்கு ஆரம்பத்திலிருந்தே அக்காவுடையது. கணவர் இறந்ததால் வந்தது இல்லை. மீதி நாலு பங்குதான் கணவருடையது. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956-ன்படி அது மனைவி, மகன், மகள், இறந்தவரின் தாய் நாலு பேருக்கும் ஆளுக்கு ஒன்று. ஆக அக்காவுக்கு ஐந்து, மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. "அப்பா வீடு" என்று சொன்ன பையனுக்கு எட்டில் ஒரு பங்குதான் வருகிறது.

மகன் கெட்டவன் என்று சொல்லவில்லை. ஒற்றை அறை வீட்டில் இரண்டு குடும்பம் இருந்தால் யாருக்கும் நெருக்கடிதான். சுனாமி வீடு கட்டிக் கொடுத்தபோது அம்மா மடியில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் இப்போது கல்யாணம் ஆகிவிட்டது. எல்லா ஊரிலும் இதே பேச்சு. எழுதிக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், ஆயுள் உள்ளவரை நான் இந்த வீட்டில் இருப்பேன் என்ற வாசகத்தைப் பத்திரத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள். வாய் வார்த்தைக்கு மதிப்பில்லை.

விடுதலைப் பத்திரம் என்ற பேரைக் கேட்டால் உஷாராகுங்கள். அதில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்துப் பதிவு செய்துவிட்டால் உங்கள் பங்கு போய்விட்டது. பிறகு திரும்ப வாங்குவது மிகக் கஷ்டம். "சும்மா ஒரு கையெழுத்துதான்" என்று எவர் சொன்னாலும், முழுசாகப் படித்துக் காட்டிய பிறகுதான் பேனாவைத் தொட வேண்டும்.

பிறந்த வீட்டுப் பங்கும் இப்படித்தான். "நகை போட்டோம், சீர் செஞ்சோம், இனி என்ன பங்கு?" என்று அண்ணன் தம்பி சொல்வது வழக்கம். சீர் கொடுத்ததால் சட்டத்தில் பங்கு குறையாது. அப்பா சம்பாதித்த சொத்தை உயில் எழுதாமல் இறந்துபோனால் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. பரம்பரைச் சொத்தில் தமிழ்நாடு 1989-லேயே கல்யாணமாகாத பெண்களுக்கு உரிமை கொடுத்தது. 2005 செப்டம்பர் 9 முதல் கல்யாணமான பெண்களுக்கும் உண்டு. அந்தத் தேதியில் அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற குழப்பம் பல வருஷம் இருந்தது. தேவையில்லை என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட்டில் தீர்த்து வைத்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன்பே பத்திரம் பதிந்து பாகம் பிரித்திருந்தால் அதைக் கிளற முடியாது. சுனாமிக்கு ஆறு நாள் முன்னாடி என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இதெல்லாம் இந்துக் குடும்பங்களுக்கு. முஸ்லிம், கிறிஸ்தவ உறுப்பினர்களுக்குச் சட்டம் வேறு, தனியாகக் கேளுங்கள்.

படகும் கருவாட்டுக் களமும்

குழுவில் கடன் வாங்கி வலை எடுத்துக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! தவணை கட்டுவது நாம், மீன்வளத்துறைப் பதிவில் இருப்பது அவர் பேரு. நாளைக்குப் படகை விற்றாலும் நம்மைக் கேட்க வேண்டியதில்லை. பெண் பேரில் படகு பதியக்கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. புதுசாக வாங்குகிறவர்கள் வீட்டில் பேசிப் பாருங்கள். அதற்கு ஒத்து வராவிட்டால், எதற்காகக் கடன் என்று குழுத் தீர்மானத்தில் தெளிவாக எழுதி, பில்லின் நகலையாவது நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள்.

கருவாடு காயவைக்கும் களம் யார் பேரிலும் கிடையாது. அதனாலேயே முதலில் பறிபோவது அதுதான். கடற்கரை ஒழுங்குமுறை அறிவிக்கையின்படி தயாரிக்கும் வரைபடத்தில் மீனவர்களின் பொது இடங்களைக் குறிக்க வேண்டும். மீன் இறங்கும் இடத்தை ஆம்பளைங்க காட்டிவிடுவார்கள், களத்தை நாம்தான் காட்ட வேண்டும். கருத்துக் கேட்புக் கூட்டம் என்று தண்டோரா போட்டால் போய் உட்காருங்கள்.

காகிதத்தில் பேரு இருக்கிறதா என்று தெரியாதவர்கள் பட்டா எண் அல்லது சர்வே எண்ணோடு இ-சேவை மையத்துக்குப் போனால் பார்த்துச் சொல்வார்கள். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றை வைத்து வாரிசுச் சான்றுக்கும் அங்கேயே மனு போடலாம், தாசில்தார் ஆபீசிலிருந்து வரும். வாரிசுப் பட்டியலில் மகள் பேரு விட்டுப் போகாமல் பாருங்கள். புதுசாக மனை வாங்கினால், 10 லட்சம் ரூபாய்க்கு மிகாத சொத்தைப் பெண் பேரில் பதிந்தால் 1.4.2025 முதல் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. வக்கீல் வைக்கக் காசில்லையே என்று விட்டுவிடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி உண்டு. சிதம்பரம் கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழுவும், கடலூரில் மாவட்ட ஆணைக்குழுவும் இருக்கின்றன. தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், கூட வருகிறோம்.

அந்த அக்கா அடுத்த வாரம் கையெழுத்துப் போடவில்லை. வாரிசுச் சான்றுக்கு மனு கொடுத்திருக்கிறார். மகனிடம் எட்டுப் பங்குக் கணக்கை அவரே விரல் விட்டுச் சொன்னாராம். பையன் ஒன்றும் பேசாமல் கடலுக்குப் போய்விட்டான். திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த மாமியார்தான், "அப்போ எனக்கும் ஒரு பங்கு இருக்குன்னு இத்தன நாளா ஏண்டி சொல்லல?" என்று கேட்டாராம்.