கேம்ஷாஃப்ட்டைத் தீர்மானிப்பது டர்போதான்

கிள்ளானில் என் பட்டறைக்கு வரும் இளைஞர்களில் பலர் பழைய புரோட்டோன் வீரா வைத்திருப்பவர்கள். 1993-இல் மிட்சுபிஷி லான்சரின் அடித்தளத்தில் வந்த கார் அது. ஜப்பானில் பாதியாக அறுத்து அனுப்பும் லான்சர் எவல்யூஷனை 'ஹாஃப்கட்' என்று வாங்கி, அதன் 4ஜி63 டர்போ இன்ஜினை வீராவுக்குள் இறக்கியிருப்பார்கள். அடுத்து அவர்கள் கேட்பது: "அண்ணே, 280 கேம் போட்டா எத்தனை குதிரை கூடும்?"

"டர்போ என்ன தம்பி? எக்ஸாஸ்ட்ல பிரஷர் எவ்வளவு?" என்று நான் திருப்பிக் கேட்பேன். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது. அது தெரியாமல் கேம்ஷாஃப்ட்டுக்குப் பணம் கட்டவே கூடாது என்பது என் கட்சி.

வால்வுகளைத் திறந்து மூடும் தண்டுதான் கேம்ஷாஃப்ட். கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் இது ஒரு சுற்று சுற்றும். வால்வு எவ்வளவு உயரம் திறக்கிறது என்பது லிஃப்ட். எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது என்பது டியூரேஷன். அதைக் கிராங்கின் டிகிரியில் சொல்வார்கள். 272 கேம் என்றால், கிராங்க் அத்தனை டிகிரி திரும்பும்வரை வால்வு மூடாது. ஆனால் பிஸ்டன் ஒருமுறை கீழே இறங்க 180 டிகிரி போதும். மிச்ச டிகிரி அதற்கு முன்னும் பின்னும் நீள்கிறது. அதனால் எக்ஸாஸ்ட் வால்வு முழுக்க மூடுவதற்குள் இன்டேக் வால்வு திறக்கத் தொடங்கிவிடும். இரண்டும் சேர்ந்து திறந்திருக்கும் அந்தக் கொஞ்ச நேரத்துக்குப் பெயர் ஓவர்லாப். வில்லங்கம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

டர்போ இல்லாத ரேஸ் இன்ஜினுக்கு ஓவர்லாப் ஒரு வரம். வெளியே பாயும் புகை தன் வேகத்தாலேயே புதுக் காற்றை உள்ளே இழுத்துக்கொள்ளும். டர்போ இன்ஜினில் புகையின் வழியை மறித்துக்கொண்டு டர்பைன் நிற்கிறது. சின்ன டர்போவை அதன் சக்திக்கு மேல் விரட்டினால், இன்டேக்கில் 1.5 பார் பூஸ்ட் இருக்கும்போது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் 3 பார்கூட ஏறிவிடும். அந்த நேரத்தில் இரண்டு வால்வும் திறந்திருந்தால் எரிந்த புகை சிலிண்டருக்குள்ளேயே திரும்பி வரும். புதுக் காற்றுக்கான இடத்தை அது பிடித்துக்கொள்ளும், சூட்டையும் ஏற்றும். அந்தச் சூட்டில் இன்ஜின் நாக்கிங் அடிக்கும். பெரிய கேம் போட்டு பவர் குறைந்துபோன கார்களின் கதை பெரும்பாலும் இதுதான்.

ஆகவே முதலில் அளக்க வேண்டும். டர்போவுக்கு முன்னால் மேனிஃபோல்டில் சின்னத் துளை போட்டு, மரை வெட்டி, மெல்லிய ஸ்டீல் குழாயைச் சுருளாகச் சுற்றி மாட்டுவேன். புகையின் சூடு அந்தச் சுருளிலேயே தணிந்துவிடும், மறுமுனையில் இருக்கும் கேஜ் பிழைக்கும். பக்கத்திலேயே பூஸ்ட் கேஜ். காரை டைனோவில் ஏற்றி முழு த்ராட்டில் கொடுத்து இரண்டு முள்ளையும் சேர்த்துப் பார்ப்பேன். எக்ஸாஸ்ட் முள் பூஸ்ட்டைப் போல இரண்டு மடங்கைத் தொட்டால் 264-க்கு மேல் போகச் சொல்லமாட்டேன். பெரிய டர்போ போட்டு இரண்டும் ஏறக்குறைய சமமாக நின்றால் 272, 280 என்று தாராளமாகப் பேசலாம்.

டியூரேஷன் மட்டும் பார்த்தாலும் போதாது. இன்டேக், எக்ஸாஸ்ட் இரண்டும் 272 என்று வைத்துக்கொள்வோம். இரண்டின் உச்சிகளுக்கும் நடுவே உள்ள கோணம் 108 டிகிரி என்றால் ஓவர்லாப் 56 டிகிரி. அதையே 112-க்கு விரித்தால் 48. 4ஜி63-இல் இரண்டு கேம்ஷாஃப்ட்டும் தனித்தனி என்பதால், அட்ஜஸ்டபிள் கேம் கியர் இருந்தால் இதை வெளியிலிருந்தே மாற்றலாம். கேம் மாற்றுவதற்கு முன் கியர் வாங்குங்கள் என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

கார் எங்கே ஓடப்போகிறது என்பதும் முக்கியம். 112-இல் வைத்த 272 கேமில் பிஸ்டன் அடிக்குப் போய்த் திரும்பி, கிராங்க் 68 டிகிரி சுற்றிய பிறகுதான் இன்டேக் மூடும். அதுவரை மேலேறும் பிஸ்டன், வந்த காற்றையே திருப்பித் தள்ளும். இந்த இன்ஜினின் கம்ப்ரஷனோ வெறும் 8.8. செப்பாங்கின் நீண்ட நேர்கோடுகளில் இது பெரிதாகத் தெரியாது. கோலாலம்பூர் நெரிசலிலும் கெந்திங் ஏற்றத்தின் வளைவுகளிலும், டர்போ விழிக்கும்வரை கார் செத்துக் கிடக்கும்.

நம் நாட்டு கரம்ஜித் சிங் 2002-இல் உற்பத்திக் கார்களுக்கான உலக ராலி பட்டத்தை வென்றது புரோட்டோன் பெர்ட்டில்; அதுவும் எவல்யூஷன்தான். அந்தப் பிரிவில் அப்போது டர்போவின் வாயில் 32 மில்லிமீட்டர் ரெஸ்ட்ரிக்டர் கட்டாயமாக இருந்தது. மேல் ஆர்பிஎம்மில் காற்றே கிடைக்காத அந்த இன்ஜினுக்கு நடு ஆர்பிஎம் இழுவைதான் உயிர். நீண்ட கேம் அங்கே வீண்.

வால்வு ஸ்பிரிங்கில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். 34 மில்லிமீட்டர் இன்டேக் வால்வின் முதுகில் 1.5 பார் பூஸ்ட் அழுத்தினால், அதைத் திறக்கச் சொல்லித் தள்ளும் விசை சுமார் 14 கிலோ. பழைய ஸ்பிரிங் அதையும் தாங்கி, கூடின லிஃப்ட்டையும் தாங்கி 8,000 ஆர்பிஎம்மில் வால்வை ஒழுங்காக மூடாது.

மாட்டும்போது காட்லாக்கை நம்பாமல் டிகிரி வீலும் டயல் கேஜும் வைத்துப் பார்க்க வேண்டும். ஹாஃப்கட் இன்ஜினின் ஹெட்டை யாராவது முன்பே சீவியிருந்தால் கேம் டைமிங் பின்தங்கியிருக்கும். சரிபார்த்து பெல்ட் மாட்டியதும் கிராங்கை ஸ்பேனரால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்கேயாவது கனமாகப் பிடித்தால் நிறுத்திவிட்டுக் குறிகளைத் திரும்பப் பாருங்கள். 4ஜி63-இல் டைமிங் தப்பினால் வால்வு பிஸ்டனில் முட்டும். அந்த நிலையில் ஸ்டார்ட்டரை அடித்தால் வால்வுகள் வளைந்துவிடும்.