ஸ்டியரிங் அலையும் பழைய பிகப் வண்டிகள்

பொழுது புலருமுன் புதுவைப் பெரிய மார்க்கெட்டின் முன்னே வந்து நிற்கும் பிகப் வண்டிகளுள் பல, பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்துத் தேய்ந்தவை. பாகூர்ப் பக்கத்துக் காய்கறியும், வில்லியனூர் வழியே வரும் வாழைத்தாரும், நெசவாளர் சங்கங்களின் துணி மூட்டைகளும் இவற்றையே நம்பியுள்ளன. இவற்றில் ஏறி அமர்ந்து ஓட்டுநரின் கைகளைச் சிறிது நேரம் நோக்கினால், நேரான சாலையிலும் அவை ஓய்ந்திராமல் இடமும் வலமுமாகத் திருத்திக்கொண்டே இருப்பதைக் காணலாம். பழைய வண்டியின் சுபாவம் அதுதான் என்று சொல்லி அமைந்துவிடுவது நம்மவர் வழக்கம். கிழக்குக் கடற்கரைச் சாலையில் இரவில் எதிரே பேருந்து வரும்பொழுது, வண்டி தானாக ஒரு முழம் விலகினால் நேரக்கூடியது யாதென்று விவரிக்க வேண்டுவதில்லை. இக்குறையைப் பெரும்பாலும் சிறு செலவிலேயே தீர்த்துவிடலாம். ஆனால் எங்கே தொடங்குவது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதற்கண் நோயைப் பிரித்தறிதல் அவசியம். வண்டி எப்பொழுதும் ஒரே பக்கமாக இழுப்பது ஒன்று. அதற்குக் காரணம் ஒரு டயரில் காற்றுக் குறைவோ, ஒரு சக்கரத்தில் பிரேக் பிடித்துக்கொண்டிருப்பதோ ஆகலாம். குறிப்பிட்ட வேகத்தில் ஸ்டியரிங் நடுங்குவது மற்றொன்று. ஒருமுறை இடப்பக்கமும் மறுமுறை வலப்பக்கமுமாக வண்டி தன் போக்கில் செல்வதே அலைதல் எனப்படும். இங்கே நாம் ஆராய்வது அதனையே.

டயர்களை முதலில் பார்க்க வேண்டும். இதற்குக் காசும் வேண்டா. நான்கு டயர்களும் குளிர்ந்திருக்கும் பொழுது, வண்டியின் தகட்டிலோ கையேட்டிலோ குறித்த அளவுக்குக் காற்று அடைத்து ஓட்டிப் பாருங்கள். ஒரே அச்சில் ஒரு பக்கம் ரேடியல் டயரும் மறுபக்கம் பழைய நைலான் டயரும் பூட்டியிருந்தால், வேறெதைச் செய்தும் பயனில்லை. கிடைத்த விலைக்கு ஒரே ஒரு டயர் வாங்கும் சிக்கனம் இவ்விடத்தில் சிக்கனமாகாது.

அடுத்தது இருவர் சேர்ந்து செய்யும் சோதனை. சக்கரங்கள் தரையிலேயே இருக்கட்டும். ஒருவர் இருக்கையில் அமர்ந்து ஸ்டியரிங்கைச் சிறிதளவு இப்புறமும் அப்புறமும் ஆட்ட வேண்டும். பவர் ஸ்டியரிங் உள்ள வண்டியானால் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். மற்றவர் வண்டிக்குப் பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு மூட்டையும் வரிசையாகக் கவனிக்க வேண்டும். ஸ்டியரிங் பாக்ஸிலிருந்து வெளிவரும் கை, அதனோடு சேர்ந்த டிராக் லிங்க், பின்னர் டை ராட், அதன் இரு முனைகள் என்று கண்ணும் விரலும் தொடர்ந்து செல்லட்டும். எந்த மூட்டில் ஒருபுறம் அசைவு புகுந்து மறுபுறம் வெளிவரவில்லையோ, அங்கேதான் தேய்வு இருக்கிறது. பாக்ஸே சட்டத்தின்மீது அசைகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். போல்ட் தளர்ந்த வண்டிகள் உண்டு.

ஸ்டியரிங்கின் வெற்றாட்டம் 30 டிகிரியைக் கடக்கலாகாது என்று 1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 98ஆம் விதி கூறுகிறது. 40 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள சக்கரத்தில் இது விளிம்பில் ஏறத்தாழ பத்தரை சென்டிமீட்டர் ஆகும். சட்டம் பொறுக்கும் எல்லை அது. நல்ல நிலையிலுள்ள வண்டிக்கு அவ்வளவு ஆட்டம் இராது. மூட்டுகளுக்கு ரப்பர் மூடி இருத்தல் வேண்டும் என்றும் அதே விதி சொல்கிறது. பட்டறைகளில் இதனைப் பொருட்படுத்துவோர் குறைவு. நம் ஊரில் இந்த மூடியே உயிர்நாடி. மீன் அங்காடிப் பக்கம் நிற்கும் வண்டிகளின்கீழ் உப்புநீர் வடிந்துகொண்டேயிருக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் தேங்கும் நீர் கிரீஸைக் கழுவிச் செல்லும். கடற்காற்றோ ஆண்டு முழுவதும் உண்டு. மூடி கிழிந்த டை ராட் முனை இவ்விடத்தில் நெடுநாள் தாங்குவதில்லை. நேரு வீதியை ஒட்டிய நெரிசலில், பாரத்தோடு நின்ற இடத்திலேயே ஸ்டியரிங்கை முழுவதும் ஒடிப்பதும் இதே மூட்டுகளைத்தான் தின்கிறது. வண்டி ஓர் அடியேனும் உருளும் பொழுது திருப்பினால் பளு மிகவும் குறையும்.

இனி முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, அச்சின்கீழ் கட்டை கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து அசைக்கவும். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிரேக்கை அழுத்தச் சொல்லுங்கள். ஆட்டம் மறைந்தால் குறை வீல் பேரிங்கில். மறையாவிடில் கிங் பின்னிலோ பால் ஜாயின்டிலோ. கிங் பின் தேயாமல், கிரீஸ் இன்றி இறுகிப்போவதும் உண்டு. அப்பொழுது வளைவு திரும்பியபின் ஸ்டியரிங் தானாக நடுவுக்கு மீளாது. ஓட்டுநர் இழுத்துக்கொண்டுவர வேண்டும், அது அளவு கடந்து மறுபுறம் செல்லும், மறுபடி திருத்த வேண்டும். கிரீஸ் அடிக்கும் பொழுது சக்கரம் தரையிலிருந்து எழும்பியிருந்தால்தான் பாரம் தாங்கும் பரப்புக்கும் அது சென்று சேரும்.

இவையெல்லாம் சரியாயிருந்தும் வண்டி அலைந்தால், பலரும் பாராத இடமாகிய பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அதிகப் பாரம் ஏற்றும் பொருட்டுப் பின் ஸ்பிரிங்கில் ஒன்றிரண்டு பட்டைகள் கூடுதலாகச் சேர்ப்பது நம் பகுதியில் சாதாரணம். பாரம் இறக்கியபின் வண்டியின் பின்புறம் தூக்கிக்கொண்டு நிற்கும், மூக்குக் கவிழும். மிதிவண்டியின் முன்கவை சற்றுப் பின்னே சாய்ந்திருப்பதை அறிவோம். நேராகச் செல்லும் இயல்பைச் சக்கரத்துக்குத் தருவதில் அச்சாய்வுக்குப் பெரும் பங்குண்டு. காஸ்டர் எனப்படும் இச்சாய்வு வண்டியிலும் உண்டு. பின்புறம் உயர்ந்தால் அது குறைந்துவிடுகிறது. காலையில் பாரத்தோடு ஒழுங்காக வந்த வண்டி, வெறுமையாக ஊர் திரும்புகையில் மட்டும் அலைந்தால் இதனையே முதலில் ஐயுற வேண்டும். மாறாக, பாரத்தோடு மட்டும் அலைந்தால், மூட்டைகள் பின் அச்சுக்கு அப்பால் அடுக்கப்பட்டு முன்சக்கரங்களின்மீது பளு குறைந்திருக்கலாம். கனத்த மூட்டைகளை முன்னே அடுக்கிப் பாருங்கள். யூ போல்ட் தளர்ந்து, ஷேக்கிள் புஷ் தேய்ந்த வண்டியில் பின் அச்சே சிறிது திரும்பிப் பின்சக்கரங்கள் வண்டியைத் திசைமாற்றும். முன்னே எத்தனை புதுச் சாமான் போட்டாலும் அது தீராது.

ஸ்டியரிங் பாக்ஸைக் கடைசியாகவே தொட வேண்டும். ஆனால் நடைமுறை தலைகீழாயிருக்கிறது. ஆட்டம் என்று சொன்னவுடனே பாக்ஸின் மேலுள்ள திருகை இறுக்கிவிட்டு அனுப்பிவிடுகிறார்கள். கையில் ஆட்டம் குறைந்தாற்போலத் தோன்றும். தேய்ந்த மூட்டோ அப்படியே இருக்கும். அளவுக்கு மீறி இறுக்கிய பாக்ஸ் நடுவில் பிடித்துக்கொள்வதால் அலைச்சல் புதிதாகவும் உண்டாகும்; உள்ளிருக்கும் பற்களும் கெடும். வளைந்த டை ராடை நெருப்பில் காய்ச்சி நிமிர்த்துவதையும், பற்றவைப்பதையும் எவர் சொன்னாலும் ஒப்புக்கொள்ளலாகாது.

அலைன்மெண்ட் பார்ப்பது பழுதான சாமான்களை மாற்றியபின்னரே. முன்னரே செய்தால் கொடுத்த கூலி வீண். பட்டறையில் கருவி இல்லாவிடினும், தோராயமாக அறிய வழி உண்டு. இரு முன்டயர்களின் நடுவிலும் சுண்ணக்கட்டியால் கோடிட்டு, அச்சின் உயரத்தில் கோடுகளுக்கிடையே உள்ள தூரத்தை முன்புறம் அளந்து, வண்டியை அக்கோடுகள் பின்புறம் வருமளவு உருட்டி மறுபடி அளக்க வேண்டும். இவ்வகை வண்டிகளுள் பெரும்பாலானவற்றில் முன்னளவு சில மில்லிமீட்டர் குறைவாயிருக்கும். எத்தனை என்பதைக் கையேடு சொல்லும். முன்னளவு மிகுந்திருந்தால் வண்டி அலைவதற்கு அதுவே போதிய காரணம். வேலை முடிந்தபின், கழற்றிய ஒவ்வொரு நட்டிலும் புதிய காட்டர் பின் செருகப்பட்டிருக்கிறதா என்பதைக் கூலி கொடுக்குமுன் ஓட்டுநரே குனிந்து பார்த்துக்கொள்ள வேண்டும்.