முதல் ஆர்சி கார்: பேட்டரியில் எங்கே செலவு பண்ணணும், எங்கே மிச்சம் பிடிக்கலாம்?

குழந்தைக்கு ஹாபி ரக ஆர்சி கார் வாங்கப் போறீங்களா? கார் விலையை மட்டும் வச்சு பட்ஜெட் போடாதீங்க. பேட்டரியும் சார்ஜரும் சேர்ந்ததுதான் உண்மையான விலை.

நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு: 6 செல், 7.2 வோல்ட். கனம் அதிகம், ஓட ஓட வேகம் குறையும். ஆனா கவனக்குறைவா கையாண்டாலும் ஓரளவு தாங்கும்.

2எஸ் லிப்போ: 7.4 வோல்ட். எடை குறைவு, வேகம் அதிகம். ஆனா ஒரு செல் 3 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினா கெட்டுப்போகும். 4.2 வோல்ட்டுக்கு மேல சார்ஜ் ஏறினா தீப்பிடிக்கும் அபாயம் உண்டு.

அப்போ எதை வாங்கறது? சார்ஜ் ஏறி முடியிற வரைக்கும் பெரியவங்க ஒருத்தர் பக்கத்துல இருக்க முடியும்னா லிப்போ. இல்லைன்னா நிக்கலே போதும்.

எதை வாங்கினாலும் சார்ஜர்ல மிச்சம் பிடிக்காதீங்க. ரெண்டு வகைக்கும் பொருந்தற பேலன்ஸ் சார்ஜர் வாங்கிட்டா, பின்னாடி லிப்போவுக்கு மாறும்போது மறுசெலவு இல்லை. 5000 எம்ஏஹெச் லிப்போவுக்கு 5 ஆம்பியர் போதும். நிக்கல் மோடுல லிப்போவை சார்ஜ் பண்ணவே கூடாது. காரோட ஸ்பீடு கண்ட்ரோலர்ல லிப்போ கட்-ஆஃப் ஆன்ல இருக்கான்னு பாருங்க. சில நாள் ஓட்டலைன்னா, செல்லுக்கு 3.8 வோல்ட் அளவுல எடுத்து வைங்க.

உப்பிப்போன பேட்டரியை மட்டும் காசு பார்த்து மறுபடி பயன்படுத்தாதீங்க.