கடாரத்துக் கல்லும் கால்சட்டைப் பையும்

பள்ளி விடுமுறை வந்துவிட்டால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவது என்பதே பெரிய கேள்வி. பேரங்காடிக்குப் போனால் கையிலிருக்கும் காசு அரை நாளில் கரைந்துவிடும். இந்த முறை பக்கத்து வீட்டாரும் நாமும் சேர்ந்து ஒரு வேன் பிடித்தோம். புளிச்சோறும் அவித்த முட்டையும் கட்டிக்கொண்டு, கெடா மெர்போக்கில் உள்ள பூஜாங் பள்ளத்தாக்குத் தொல்பொருள் காட்சியகத்துக்குப் போய் வந்தோம்.

ஜெராய் மலை அடிவாரத்தில் 1980இல் திறக்கப்பட்ட இடம் இது. பக்கத்திலேயே ஆறு சலசலத்து ஓடுகிறது. மேட்டின்மேல் புக்கிட் பத்து பகாட் சண்டி இருக்கிறது. 'சண்டி' என்றதும் பிள்ளைகள் சிரித்தார்கள். சண்டித்தனம் இல்லை, பழங்கோயிலுக்கு மலாய்மொழியில் உள்ள பெயர் என்று விளக்கினோம்.

இராசேந்திர சோழனின் படை 1025இல் வந்த கடாரம் இந்தக் கெடாதான் என்பது வரலாற்றாசிரியர் பலரின் கருத்து. அதற்காக இங்குள்ள எல்லாவற்றையும் சோழனே கட்டினான் என்று மார்தட்டக் கூடாது. அவன் வருவதற்கு முன்பே பல நாட்டு வணிகர்கள் வந்துபோன துறைமுகம் இது. இந்து சமயச் சின்னமும் உண்டு, பௌத்தச் சின்னமும் உண்டு.

காட்சியகத்தின் உள்ளே கருங்கல் பேழைகளைப் பார்த்தோம். கோயில் கட்டும்போது மணிகளும் உலோகத் துண்டுகளும் இட்டு அடியில் புதைத்தவையாம். "நம்ம தோட்டத்து மாரியம்மன் கோயில்ல சாமி வைக்கிறப்போ நவரத்தினம் போட்டாங்களே, அது மாதிரியா?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பாட்டி. அதே மாதிரிதான். பள்ளிக்கூடமே பார்க்காத பாட்டிக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது!

வெளியே வந்து வேன் ஏறும்போதுதான் நம் இளைய மகனின் கால்சட்டைப் பை தொங்குவதைப் பார்த்தோம். உள்ளே கை விட்டால் ஒரு கல்! சண்டிப் பக்கம் பொறுக்கியதாம்.

"ஐயையோ, சாமி கல்லுடா! வீட்டுக்குக் கொண்டாந்தா ஆகாது" என்று பாட்டி பதறினார்.

"அப்பா, இவ்ளோ கல்லு கெடக்கு. ஒன்னே ஒன்னுதானே எடுத்தேன். ஞாபகத்துக்கு வச்சுக்கிறேனே" என்றான் பையன்.

சாமி கண்ணைக் குத்தும் என்று பயமுறுத்த நமக்கு விருப்பமில்லை. அவனைத் திரும்பவும் மேட்டுக்கு அழைத்துப் போனோம். மண்டபத்தில் வரிசையாக உள்ள கல் பீடங்களைக் காட்டினோம். அவற்றின்மேல் மரத்தூண்கள் நின்றன. தூணும் கூரையும் மக்கிப் போயின. கல்தான் மிச்சம். பீடம் எங்கே இருக்கிறதோ அங்கே தூண் நின்றது என்று கணக்குப் போட்டுத்தான் மண்டபத்தின் அளவையே சொல்ல முடிகிறது. 1959-60இல் அலஸ்தேர் லேம்ப் என்ற ஆய்வாளர் தோண்டி, சரிந்து கிடந்த கற்களை இடம் பார்த்து அடுக்கச் செய்தார்.

"லயம் இடிச்ச பிறகு சிமெந்துப் படி மட்டும் கெடக்கு. அதைப் பார்த்துத்தானே தாத்தா வீடு இங்க இருந்துச்சுன்னு சொல்றோம்? அந்தப் படியை யாராச்சும் தூக்கிட்டுப் போனா?"

பையன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு எடுத்த இடத்திலேயே கல்லை வைத்துவிட்டு வந்தான்.

இங்கே ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். தோட்டப் பள்ளியில் படித்தபோது, வாத்தியார் நம்மையும் இங்கே அழைத்து வந்தார். நாமும் ஒரு செங்கல் துண்டைப் பையில் போட்டுக்கொண்டோம்! அது லயத்துக் கதவுக்கு முட்டுக்கொடுக்க உதவியது. வீடு மாறியபோது எங்கே போனதோ தெரியாது. பல நூறு ஆண்டு மண்ணுக்குள் பத்திரமாக இருந்தது, நம் கையில் சில ஆண்டுகூட நிலைக்கவில்லை. அதை இன்றும் நினைத்தால் வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிள்ளை எடுப்பது ஒரு கல். பெரியவர்கள் எடுத்தால்? 2013இல் சுங்கை பத்துவில் 11ஆம் எண் சண்டி, நில மேம்பாட்டு வேலையில் தரைமட்டமானது. 2005ஆம் ஆண்டின் தேசிய மரபுடைமைச் சட்டம் இருந்தும், அந்த நிலம் அரசிதழில் பதிவாகவில்லை. நாடே கூச்சலிட்டபோது கோயில் மண்ணோடு மண்ணாகிவிட்டிருந்தது.

தோழர்களே, இது நமக்கும் பாடமல்லவா? ஒவ்வொரு தோட்டமாக விற்கிறார்கள். பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனை போய் வீடமைப்பு வருகிறது. நம் கோயில், பள்ளி, இடுகாடு எதற்கும் தாளில் பதிவு இல்லையென்றால் நாளை யார் சாட்சி சொல்வார்கள்?

காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் சீட்டு வைத்திருக்கிறார்கள். அதை நாமும் செய்யலாம். தோட்டம் கைமாறும் பேச்சு எழுந்தவுடனே கோயிலையும் கல்லறைகளையும் படம் பிடியுங்கள். எந்த ஆண்டு, யார் கட்டியது என்று பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். ஒரு பிரதியைச் சங்கக் கிளையில் கொடுத்து வையுங்கள். பேச்சுவார்த்தை மேசையில் கண்ணீரைவிடத் தாளுக்கு மதிப்பு அதிகம். அனுபவத்தில் சொல்கிறோம்.

பிள்ளைகள் கல் சேர்க்க ஆசைப்பட்டால் தடுக்க வேண்டாம். வீட்டு வாசலில் கிடக்கும் கல்லை எடுக்கட்டும். எங்கே, எந்தத் தேதியில் எடுத்தது என்று தாளில் எழுதி ஒட்டட்டும்.

மறுநாள் காலை நம் மகன் வாசற்படி ஓரத்திலிருந்து ஒரு கருங்கல்லைக் கழுவிக் கொண்டுவந்தான். "அப்பா, நம்ம லயம் எந்த வருஷம் கட்டினது?" என்று கேட்டான். நமக்குத் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் கேட்டு வரச் சொன்னோம்.