பிள்ளைக்குப் புற்றுநோய் என்றால் முதலில் செய்ய வேண்டியவை

நேற்றுவரை பள்ளிக்கூடம் போய்வந்த பிள்ளைக்குப் புற்றுநோய் என்றதும் குடும்பமே நிலைகுலைந்து போகும். நாட்டு மருந்து, மந்திரித்தல் என்று நாட்கள் வீணாவது அப்போதுதான். துஆ செய்வோம், சிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். நோய்க்கு மருந்து தேடச் சொன்னதும் நம் மார்க்கமே.

இளவயதில் வரும் ரத்தப் புற்றுநோய் பெரும்பாலும் குணப்படுத்தக்கூடியது. ஆனால் சிகிச்சை 2 ஆண்டுக்கு மேலும் நீளலாம். உடம்பு தேறியதென்று பாதியில் நிறுத்தினால் நோய் திரும்பிவிடக்கூடும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாறு புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. திருத்தணியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் எதிரிலேயே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை. சிகிச்சைக்குப் போகும் நோயாளிக்கும் துணைக்குப் போகிறவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் அதற்கான சான்று கேட்டு வாங்குங்கள்.

நகையை விற்கும் முன் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைப் பாருங்கள். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். அட்டை இல்லாதவர்கள் ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்றுடன் திருவள்ளூர் கலெக்டர் அலுவலகம் செல்லவும். நகரி, புத்தூர் பக்கம் ரேஷன் கார்டு உள்ள நம் உறவினர்களுக்கு இது பொருந்தாது. அவர்கள் ஆந்திர அரசின் திட்டத்தில் விண்ணப்பிக்க வேண்டும்.

அண்டை வீட்டாருக்கு ஒரு சொல்: இது தொற்றுநோய் அல்ல. ஆனால் கீமோ நடக்கையில் எதிர்ப்புசக்தி குறையும். நம் சளியே அந்தப் பிள்ளைக்கு ஆபத்தாகலாம். ஆகவே கூட்டமாகப் பார்க்கப் போகாமல் ரத்தம் கொடுப்போம், மற்றப் பிள்ளைகளுக்குச் சோறு கொடுப்போம். வசதியற்ற குடும்பத்துக்கு ஜக்காத்தும் கொடுக்கலாம். "பெண் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம்..." என்று நோயை மறைக்கும் நிலைக்கு எந்தத் தாயையும் நாம் தள்ளிவிடக் கூடாது.

அல்லாஹ் அனைவருக்கும் ஷிஃபா தருவானாக, ஆமீன்.