கம்பி வைத்த காலும் வலி மாத்திரை அட்டையும்

அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து, கம்பி வைத்து, வீட்டுக்கு அழைத்து வந்த நான்காம் நாள். “வலி பரவாயில்லடா. வெளிக்கே போகல, வயிறு கல்லாட்டம் இருக்கு. எழுந்தா தலை சுத்துது” என்றார். மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்த்தேன். டிராமடால். சீட்டில் எழுதியிருந்தது மூன்று நாளைக்கு. கடையில் முழு அட்டையாகக் கொடுத்திருந்தார்கள். நாங்களும் நிறுத்தாமல் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

வலியை அடக்கும் இடம்

டிராமடால், டேப்பென்டடால், மார்ஃபின் எல்லாம் ஓபியாய்டு வகை. மூளையிலும் தண்டுவடத்திலும் வலிச் செய்தியை அமுக்குகின்றன. குடலின் அசைவையும் மந்தமாக்குவதால் மலம் இறுகுகிறது. அளவு கூடினாலோ, தூக்க மாத்திரையோ மதுவோ சேர்ந்தாலோ மூச்சே மந்தமாகிவிடும். வயதானவர்களுக்குத் தலைசுற்றல் சின்ன விஷயமல்ல. விழுந்து எலும்பை உடைத்துக்கொண்டவர் இன்னொரு முறை விழுவதற்கு அது போதும். பழக்கமாகிவிடும் ஆபத்தும் உண்டு. 2018 ஏப்ரலில் இந்திய அரசு டிராமடாலைப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது அதனால்தான்.

பல்லைக் கடிக்க வேண்டாம்

அதற்காக வலியைப் பொறுத்துக்கொண்டு கிடப்பதும் தவறு. வலியோடு படுத்திருப்பவர் ஆழமாக மூச்சு விடமாட்டார், இருமமாட்டார். சளி தேங்கி நிமோனியா வரலாம். நடக்காத காலில் ரத்தம் உறையலாம். முதல் சில நாட்களுக்கு ஓபியாய்டு தேவைப்பட்டால் தயங்காமல் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அடித்தளம் பாராசிட்டமால்தான். வலி வந்த பிறகு தேடாமல், மருத்துவர் சொன்ன நேரத்துக்குக் கொடுக்க வேண்டும். டிராமடாலோடு பாராசிட்டமாலும் கலந்த மாத்திரைகள் உண்டு. அதைக் கணக்கில் சேர்க்காவிட்டால் அளவு மீறி ஈரல் கெடும்.

தொடரும் சிலர்

2017-ல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், அதுவரை ஓபியாய்டு எடுக்காமல் இருந்து அறுவைசிகிச்சை செய்துகொண்டவர்களில் சுமார் 6 சதவீதம் பேர் 90 நாட்களுக்குப் பிறகும் அதை வாங்கிக்கொண்டிருந்ததைக் கண்டார்கள். சிறிய அறுவைசிகிச்சையா பெரியதா என்பதில் பெரிய வித்தியாசம் இல்லை. அப்படியானால் அவர்களைத் தொடர வைத்தது காயத்தின் வலி மட்டுமல்ல என்றே நான் நினைக்கிறேன். வாரக்கணக்கில் எடுத்தவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. மருத்துவரிடம் கேட்டுப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மாவுக்கட்டுக்குள் வலி ஏறினால்

இதைக் கட்டாயம் நினைவில் வையுங்கள். முழங்காலுக்குக் கீழேயோ முன்கையிலோ முறிவு ஏற்பட்டு, மாத்திரை போட்டும் வலி ஏறிக்கொண்டே போகிறது. விரலை மெல்ல நீட்டிவிட்டாலே அலறுகிறார். விரல் மரத்துப்போகிறது என்றால், உள்ளே வீங்கிய தசை தன் ரத்த ஓட்டத்தையே நெரித்துக்கொண்டிருக்கலாம். சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். இன்னொரு மாத்திரை கொடுத்து விடியும்வரை காத்திருக்காதீர்கள். இரவு இரண்டு மணியானாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

மிச்சமிருந்த ஆறு

அத்தைக்கு மருத்துவர் டிராமடாலை நிறுத்திவிட்டு மலமிளக்கி எழுதினார். பாராசிட்டமாலோடு, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை நடந்தார். அட்டையில் ஆறு மாத்திரை மிச்சம். “எடுத்து வைடா, பேரனுக்குப் பல்வலி வந்தா ஆகும்” என்றார். பேரனுக்குப் பத்து வயது. மூச்சுத்திணறல் வரக்கூடும் என்று, 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு டிராமடால் கூடாதென அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே எச்சரித்திருக்கிறது. அந்த ஆறையும் அன்றே வீட்டைவிட்டு அகற்றினேன்.