பரிசும் நஞ்சும்

ஜெர்மனியில் பழைய ரசாயனப் புட்டி ஒன்றில் மண்டையோட்டுப் படமும் அதன் கீழே 'கிஃப்ட்' என்ற சொல்லும் இருந்தால், தொட்டுவிடாதீர்கள். ஜெர்மன் மொழியில் அதற்கு நஞ்சு என்று பொருள். ஆங்கிலத்தில் பரிசு என்று பொருள்படும் அதே சொல்தான், எழுத்துக்கூட மாறவில்லை.

இரண்டுக்கும் வேர் ஒன்று. 'கொடு' என்ற பொருள் தரும் பழைய ஜெர்மானிய வினைச்சொல் அது. கொடுக்கப்படுவது பரிசாவது இயல்பு, நஞ்சானது எப்படி? கிரேக்கத்தில் 'தோசிஸ்' என்றால் கொடுத்தல். மருத்துவர்கள் அதை ஒரு வேளை மருந்தின் அளவுக்குப் பயன்படுத்தினார்கள். ஆங்கில 'டோஸ்' அதன் வழிவந்ததே. இந்த மருத்துவப் பொருளை ஜெர்மானியர் தங்கள் 'கிஃப்ட்'டில் ஏற்றினார்கள். பெயர் சொல்லத் தயங்கும் நஞ்சையும் 'கொடுக்கப்பட்டது' என்று மறைவாகக் குறித்தார்கள். நாளடைவில் மறைபொருளே நேர்ப்பொருள் ஆகிவிட்டது. பழைய பொருள் முழுக்க அழியவும் இல்லை: மணப்பெண்ணுடன் அனுப்பும் சீதனத்துக்கு ஜெர்மனில் இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றே பெயர்.

சுவீடன் மொழி இன்னும் வியப்பானது. அங்கே அதே எழுத்துகளை 'யிஃப்ட்' என்று ஒலிப்பார்கள். அதற்கு நஞ்சு என்றும் பொருள், திருமணமானவர் என்றும் பொருள்! மகளை மணம் செய்து கொடுப்பதிலிருந்து வந்தது அந்த இரண்டாவது பொருள். பழைய ஆங்கிலத்திலும் இச்சொல் மணப்பெண்ணுக்காகத் தரும் பரிசப் பணத்தைக் குறித்தது. பன்மையில் சொன்னால் திருமணம். இன்றைய ஆங்கிலச் சொல்லின் 'கி' ஒலியோ, வைக்கிங்குகளின் மொழியான பழைய நோர்ஸ் தந்தது.